நூரக்கா வீட்டு ஃபோன்

நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்திருந்தேன். தெரிந்தே, திட்டமிட்டே, போகவில்லை.

இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். கடன், பறிபோன வேலை, அப்பாவின் நெஞ்சுவலி என்று மற்றவற்றை முன்னால் வைத்தால் நீங்கள் எனக்காக இரங்கத் தொடங்கிவிடுவீர்கள். பிறர் இரக்கத்தை வாங்கி வைத்துக்கொள்வதில் நான் தேர்ந்தவள்... அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில் இருக்கிறது. ஓர் அறை, ஒரு சமையலறை. பின்பக்கம் இடுப்புயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நூர்ஜகான் அக்கா. அவள் கணவர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். அவர் பேசுவதற்காகத்தான் அந்த வீட்டுக்குத் தொலைபேசியே வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து, நம் கடிகாரத்தில் மூன்று மணிக்கு, அவர் கூப்பிடுவார்.

சந்தில் வேறு யாரிடமும் ஃபோன் கிடையாது. ஆகவே அது எல்லாருடைய ஃபோன். கல்யாணப் பத்திரிகையோ கல்லூரி விண்ணப்பமோ, எங்கே எண் கேட்டாலும் அக்கா வீட்டு எண்ணை எழுதி, பக்கத்தில் 'பி.பி.' என்று போடுவோம். பக்கத்து வீட்டு எண், கூப்பிட்டால் வந்து பேசுவோம் என்று அதற்கு அர்த்தம். "ஏய் கலை! ஃபோனுடி! ஓடியா!" என் கல்லூரி இடமும், பெங்களூர் வேலையும் சுவரைத் தாண்டி வந்த அந்தக் குரலில்தான் எனக்குக் கிடைத்தன.

பெங்களூரில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் நிறுவனம். அதன் வாசலில் மேசை போட்டு ஒருவன் கிரெடிட் கார்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். விண்ணப்பத்தில் சொந்த ஊர்த் தொலைபேசி எண் கேட்டிருந்தது. பெட்டிக்கு ஓர் இலக்கம். அக்கா வீட்டு எண் கச்சிதமாக அடங்கியது. 'பி.பி.' போட ஒரு பெட்டிகூட மிச்சமில்லை. விட்டுவிட்டேன். வங்கியின் பதிவில் அது என் வீட்டு எண் ஆகிவிட்டது!

என்ன வாங்கினேன்? பட்டியல் இருக்கிறது, எதற்கும் பட்டியல் வைத்திருப்பவள் நான். ஒரு மெத்தை. ஒரு செல்போன். அம்மாவுக்கு மிக்சி. என் அறை ஜன்னலுக்கு நீலத் திரைச்சீலை... ஒன்றுகூட ஆடம்பரமில்லை என்று உங்களிடம் வாதாட முடியும். பிறகு நிறுவனம் மூன்று மாதம் சம்பளம் போடவில்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கார்டிலேயே பணம் எடுத்தேன். நான்காம் மாதம் நிறுவனத்தைப் பூட்டிவிட்டார்கள். வட்டியோடு ஒன்றேகால் லட்சம் என் தலையில் நின்றது.

அதே வாரம் அப்பாவுக்கு நெஞ்சுவலி.

வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அப்பா என் கையை விடாமல், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "நைனாவுக்கு ஒண்ணுன்னதும் அம்மாம் பெரிய வேலைய வுட்டுட்டு வந்துகீது பாரு எம்பொண்ணு!"

நான் மறுக்கவில்லை.

வீட்டில் வாழ மறுபடி பழக வேண்டியிருந்தது. அம்மாவுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவே படுக்கை. காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து ஆலைகளின் நெடி சோற்றில்கூட ஏறும். குளிக்க எவ்வளவு நேரம், யாரோடு பேசினாய், ஏன் சாப்பிடவில்லை... கேள்விக்குக் குறைவில்லை. பெங்களூர் அறையின் சாவியைத் திருப்பித் தர மறந்து எடுத்து வந்திருந்தேன். பேருந்தில் நிற்கும்போது கைப்பைக்குள் விரலை விட்டு அதைத் தொட்டுப் பார்ப்பேன். நீலத் திரை வழியே விழும் காலை வெளிச்சம்... யாரும் கூப்பிடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை... அதற்கெல்லாம் எவ்வளவு ஏங்கினேன்!

எண்ணூர் சாலையில் வேலை கிடைத்தது. கன்டெய்னர் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடைகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் வேலை. பழைய சம்பளத்தில் பாதி. அதில் பாதியை மாதந்தோறும் கார்டுக்குக் கட்டினேன். வங்கிக்கு அது போதவில்லை. செல்போனை முன்பே விற்றிருந்தேன். அவர்கள் கையில் மிஞ்சியது ஓர் எண்தான்.

"இன்னாடி பண்ணி வெச்சிகீறே?" ஒரு மாலை அக்கா சுவரருகே கூப்பிட்டுக் கேட்டாள். "காலைலேர்ந்து நாலு தபா அடிக்கிறான். வாயத் தொறந்தா கலீஜ் பேச்சு!"

எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் மட்டும்தான் சொன்னேன்.

"நைனாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாருக்கா..."

"நா ஏன் சொல்லப் போறேன்? நீ கட்ற வழியப் பாரு. அவன் திட்றத வாங்கி நா அடுப்புல போட்டுக்கறேன். கேஸு மிச்சம்!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் எத்தனை மாதம் அப்படி அடுப்பில் போட்டாள் என்று நான் கணக்கு வைக்கவில்லை. எதற்கும் பட்டியல் வைத்திருப்பவள்!

ஒரு ஞாயிறு காலை. தண்ணீர் லாரி வந்து சந்தே குடங்களோடு வெளியில் நின்றது. இரண்டு பேர் பைக்கில் வந்து அக்கா வாசலில் நிறுத்தினார்கள். வரிசையில் நான் ஐந்தாவது ஆள். எங்கள் வாசலில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தேறிக்கொண்டிருந்த அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்த நம்பர் உங்க வூடுதானே? கார்டுல வாங்கித் துன்னத் தெரியுது, கட்டத் தெரியாதா? எங்க அந்தக் க—"

அக்கா அவனை முடிக்கவிடவில்லை. "நான்தாம்பா. என் கார்டுதான். இன்னா இப்போ? கட்டிட்றேன், போ. தண்ணி புடிக்கிற நேரத்துல வந்து பேஜாரு பண்ணிக்கினு..."

அவர்களுக்குப் பெயரா முக்கியம்? தெரு கேட்க வேண்டும், அவ்வளவுதான். கால் மணி நேரம் கத்தினார்கள். அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தாள். பேசாதே என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். அசைத்தாளா? அல்லது நான் பேசாமல் நின்றதற்காகப் பின்னால் அந்தத் தலையசைப்பை நானே உண்டாக்கிக்கொண்டேனா? இன்றுவரை தெரியவில்லை. என் முறை வந்ததும் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தேன். நிரம்பும்வரை குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புருசன் அங்க வெயில்ல வேவுறான், இவ இங்க கார்டு வாங்கித் தேய்ச்சிகினு கீறா," என்றாள் அம்மா, சமையலறையில். "பொம்பளன்னா எம்பொண்ணு மாதிரி கணக்கா இருக்கணும்."

நான் குடத்தை இறக்கி அடுப்பருகே வைத்தேன்.

செய்தி வண்ணாரப்பேட்டையில் இருந்த அக்காவின் நாத்தனாருக்குப் போய், அங்கிருந்து ஷார்ஜாவுக்குப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை ஃபோனில் அக்கா அழுததாக அம்மா சொன்னாள். மறுநாள் அக்கா சுவரருகே நின்றாள்.

"கலை, அவரு நம்பமாட்டேன்றாரு. நம்ம கடன் இல்லன்னு சொன்னேன். அப்ப யாருதுன்றாரு. உன்னக் கேக்காம நா எப்டி சொல்றது? வர்ற வெள்ளிக்கெழம மூணு மணிக்கு வந்துடு. ஒரே ஒரு தபா நீயே அவராண்ட பேசிடு. அதுக்கு மேல யாருக்கும் தெரிய வாணாம்."

"வரேங்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஏன்? மனத்துக்குள் வரிசை போட்டுப் பார்த்தேன். அவரிடம் சொன்னால் அவர் தங்கைக்குச் சொல்வார். தங்கை வந்து சந்தில் சொல்வாள். சந்து அம்மாவுக்குச் சொல்லும். கடைசியில் நாற்காலியில் அப்பா... அவருடைய நெஞ்சைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் காப்பாற்றியது, அவர் வாயால் வரும் என்னைப் பற்றிய கதையை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எண்ணூர் சாலையில் ஒரு லாரி மேடையை விட்டு இறங்கிப் போனது. மேடை காலி. ஆனாலும் திரையில் இருபது கிலோ நின்றது. சக்கரம் விட்டுப்போன சேறு. தண்ணீர் ஊற்றிக் கழுவி, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். கடிகாரம் மூன்று பத்து காட்டியது.

மாலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபோன் வந்துச்சு. இரு, ஒரு பொண்ணு வந்து பேசும்னு அவர லைன்லயே நிக்க வெச்சேன். இங்க நின்னு உன்னக் கூப்ட்டேன். உங்கம்மா, அது வேலைக்குப் போய்கீதேன்னுச்சு. அப்பறமும் கூப்ட்டேன். நாலு தபா. அவரு போட்ட காசு தீந்துபோச்சு."

"வேலைக்கா... திடீர்னு..."

"சரி," என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்!

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். செவ்வாயன்றே நாத்தனார் டெம்போவோடு வந்துவிட்டாள். அக்காவின் கணவர் ஃபோனை வெட்டச் சொல்லிவிட்டார். வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கை கண்ணெதிரில் இருக்கச் சொல்லிவிட்டார். என் பெயரை அன்றுகூட அக்கா யாரிடமும் சொல்லவில்லை. டெம்போவில் சாமான்கள் ஏறின. நான் பெங்களூரிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் அக்கா அம்மாவை உட்கார வைத்துப் பேச வைத்த அந்தச் சின்ன ஸ்டூலும் ஏறியது.

பதினாறு மாதத்தில் கடனை அடைத்தேன். பாக்கி ஏதுமில்லை என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இனிப்பும் வாங்கிக்கொண்டு, வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன்... நம்புங்கள்.

அக்காதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள்.

"நைனா எப்டி கீறாரு?"

"நல்லாருக்காருக்கா."

"கட்டிட்டியா?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கட்டிட்டேன்."

"நல்லது."

உள்ளேயிருந்து நாத்தனார் கேட்டாள்: "யாரு வந்துகீறது?"

அக்கா உள்ளே திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அந்த நேரம் முழுவதும் எனக்காகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது! கடிதம் கைப்பையில் இருந்தது. என் விரல்கள் உள்ளே போய்ப் பெங்களூர் சாவியைப் பிடித்துக்கொண்டன.

"பழைய வூட்டாண்ட இருந்த பொண்ணு," என்றாள் அக்கா கடைசியில், உள்ளே பார்த்து. "சும்மா வந்துச்சு."

இனிப்பை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள்.

அப்பா நன்றாக இருக்கிறார். தனக்காக வேலையை விட்டு வந்தவள் என்று என்னைப் பற்றி இன்னமும் சொல்கிறார். பெங்களூர் அறைக்கு நான் இப்போது ஏங்குவதில்லை. எங்கள் வீட்டுக்கே ஃபோன் வந்துவிட்டது. வங்கியின் கடிதம் கோப்பில் இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களும் ஃபோன் வைத்திருக்கிறார்கள். அங்கே மணி அடித்தால், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் நிற்கிறேன். நான்கு முறை கூப்பிட்டாளே... அதில் ஒன்றையாவது கேட்டுவிட மாட்டேனா என்று.

மணி நிற்கிறது. யாரோ எடுத்துப் பேசுகிறார்கள். அது எனக்கு வந்த அழைப்பு அல்ல.