பிச்சைமணியைக் காப்பாற்றினவன்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். பாலைவனத்தில் பிச்சைமணியின் உயிரைக் காப்பாற்றினவன் ராசப்பன் என்று சொல்வார்கள். அந்த ராசப்பன் நான்தான். அவர்கள் சொல்வது பச்சைப் பொய். அந்தப் பொய்யை ஊர் முழுக்கப் பரப்பினவனும் பிச்சைமணியேதான், படுபாவி. செத்துப்போனவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். கேட்கப் பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம்.

அவனும் நானும் ஒரே வரிசை வீட்டில் பிறந்தவர்கள். இரண்டு பேருடைய அப்பாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வள்ளத்தில் வரும் அரிசி மூட்டையைக் கிடங்குக்குச் சுமந்தவர்கள். நான் அவனுக்கு ஒரு வயது மூப்பு, ஆனாலும் அவனுக்கு நான் வெறும் "எடா ராசப்பா"தான். இருவருமே லாரி ஓட்டக் கற்றுக்கொண்டோம். ஒரே முதலாளியிடம் வேலை. சுக்கும் மிளகும் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போவோம், அங்கிருந்து வெங்காயமோ துணியோ ஏற்றிக்கொண்டு வருவோம்.

ரோடு என்றால் பிச்சைமணிக்குச் சாயாக் கடைதான். ஆலுவாயிலிருந்து வாளையார் வரை எந்தக் கடையில் பால் நன்றாக இருக்கும், எந்தக் கடைக்காரனின் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று எல்லாம் அவனுக்கு அத்துப்படி. குதிரான் ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால்கூட அலட்டிக்கொள்ள மாட்டான். "எங்கே நின்னா எந்தாடா? நூறடி நடந்தா ஒரு கூரை தெரியும். கூரை உண்டுன்னா ஆள் உண்டு, ஆள் உண்டுன்னா சாயா உண்டு" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவான். நம் ஊர் ரோட்டில் அது சரியாகத்தான் இருந்தது. வீடு முடிந்த இடத்தில் அடுத்த வீடு தொடங்கிவிடுகிறது, இடைவெளி எங்கே இருக்கிறது?

எழுபத்தைந்தில் அவன் என் வயிற்றில் அடித்தான். வாளையாரில் காசு வாங்கிக்கொண்டு வழிப்பயணிகளை வண்டியில் ஏற்றிக்கொள்வது எல்லா டிரைவரும் செய்கிற காரியம். அவனும் செய்தான். ஆனால் நான் செய்ததை மட்டும் முதலாளியிடம் போய்ச் சொன்னான். கிடங்கு வாசலில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் முன்னால் வைத்து முதலாளி என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினார். மறுநாள் காலையில், நான் வண்டிக்குக் கட்டின எலுமிச்சம்பழம் வாடக்கூட இல்லை, அதே வண்டியில் பிச்சைமணி ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தான். என் வீட்டைத் தாண்டும்போது இரண்டு தடவை அடித்தான். மூன்று வருஷம் நான் மூட்டை சுமந்தேன். இனி இந்த ஜன்மத்தில் அவனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

எழுபத்தெட்டில் சவூதிக்குப் போனேன். போய் இறங்கின கேம்பில் அடுத்த கட்டிலில் யார் காலை நீட்டிப் படுத்திருக்கிறான்? அவன்தான்! எனக்கு ஆறு மாதம் முன்னால் வந்திருக்கிறான். எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்த போர்மேனுக்கு ஒரே சந்தோஷம். "இரண்டு பேரும் கொச்சியா? ரொம்ப நல்லது, ஒன்றாகவே போங்கள்" என்று ஜோடி சேர்த்துவிட்டான். மூன்று வருஷம் ஜோடியாக ஓட்டினோம். ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதை ஹாரனில் சொல்லிக்கொண்டோம்.

அந்த ரோட்டைப் பற்றி என்ன சொல்ல? தம்மாமிலிருந்து வடக்கே, எண்ணெய்க் குழாயை ஒட்டியே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். இரும்புக் குழாயும் சிமென்டும் ஏற்றிக்கொண்டு போவோம். வளைவு கிடையாது, மரம் கிடையாது. ஓரத்தில் கவிழ்ந்துபோன கார்கள், வெடித்த டயர்கள், வயிறு ஊதிய ஒட்டகம். காற்றடித்தால் மணல் கண்ணாடியைச் சுரண்டும், கதவிடுக்கில் புகுந்து பல்லில் கடிபடும். மனிதனை அந்த ரோட்டுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. எனக்கும் அதைப் பிடிக்காது. ராத்திரி கேம்பில் கண்ணை மூடினால்கூட அந்தத் தார்க்கோடு நேராக ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் இரண்டு வண்டி ஜோடி. கம்பெனியில் ஒரே ஒரு சட்டம்தான் கண்டிப்பானது. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டவேண்டும். முன்னால் போகிறவன் பக்கக் கண்ணாடியில் பின்வண்டியின் விளக்கைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். விளக்கைக் காணோம் என்றால் திரும்பிப் போய்ப் பார்க்கவேண்டும். இரண்டாவது சட்டம், வண்டி நின்றால் வண்டியை விட்டு இறங்கி நடக்கக்கூடாது.

எண்பத்தொன்று ஜூன், ஒரு வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி. ரோட்டில் ஈ காக்காய் இல்லை. நான் முன்னால் போகிறேன். கண்ணாடியைப் பார்த்தேன், அவன் விளக்கு நகரவில்லை. பிரேக்கை மிதித்து நின்றேன். ஒரு கிலோமீட்டர் பின்னால், புழுதி மங்கலில், அவன் வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. எனக்கு எல்லாம் தெரிந்தது, தெரியவில்லை என்று சொல்லவே முடியாது. பிரேக்கில் காலை வைத்தபடி ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டு இருந்தேன். கிடங்கு வாசல் ஞாபகம் வந்தது. அந்த ஹாரன் சத்தம் ஞாபகம் வந்தது. "கிட நாயே. ரெண்டு மணி நேரம் வேகு" என்று சத்தமாகவே சொன்னேன். காலை எடுத்தேன். போய்விட்டேன்.

கொல்ல நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. எழுபது கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்கு உண்டு, அங்கே சாயா குடித்துவிட்டுத் திரும்பி வந்து அவனை ஏற்றிக்கொள்ளலாம், அதற்குள் நன்றாக வேர்த்து விறுவிறுத்துப் போவான், அவ்வளவுதான் எண்ணம். பங்கில் இருந்த ஏமன் நாட்டுக்காரன் "உன் கூட்டாளி எங்கே?" என்று கேட்டான். "வருவான்" என்றேன். இரண்டாவது சாயா குடிக்கும்போது வடக்கே வானம் செங்கல் நிறமாகிவிட்டது. காற்று கிளம்பியது. சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்த நீளமான வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓட்டினேன். அப்படி நான் என்றைக்கும் ஓட்டினதில்லை.

போய்ச் சேரும்போது ஆறரை மணி. வண்டி நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது. கேபினில் இருபது லிட்டர் தண்ணீர் கேன், மூடிகூடத் திறக்காமல் இருக்கிறது. ஆளைக் காணோம். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "பிச்சைமணீ! எடா பிச்சைமணீ!" தொண்டை கிழியக் கத்தினேன். விடியும்வரை ஹாரனில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். விடிந்ததும் பிக்கப்பில் வந்த ஒரு பதூவை, ஒட்டகம் மேய்க்கிற பாலைவனத்து ஆளை, காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு தேடினேன். ரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, குழாய்க்காரர்கள் எப்போதோ விட்டுப்போன ஒரு தகரக் கொட்டகையின் பின்னால் கிடந்தான். நாக்கு வீங்கி வெளியே வந்திருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தூரத்தில் தகரக் கூரையைப் பார்த்திருக்கிறான். கூரை உண்டுன்னா ஆள் உண்டு. பத்து நிமிஷத்தில் சாயா குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று தண்ணீரைக்கூட எடுக்காமல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறான். அந்த வெயிலில் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருப்பது அரைக் கிலோமீட்டரில் இருப்பதுபோல் தெரியும். நம் ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் அந்த முட்டாள்தனத்தைச் செய்யமாட்டான்.

உயிர் பிழைத்தான். கிட்னி இரண்டும் பாதிக்குமேல் கெட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரியில் கம்பெனி ஆள் வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது நான் கட்டில் ஓரத்தில் நின்றேன். பிச்சைமணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "ராசப்பண்ணன் திரும்பி வந்தார். இல்லேன்னா நான் இல்லை" என்றான். அண்ணன்! அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவன் வாயில் அந்த வார்த்தை வந்தது. இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். பெருமூச்சு விட்டேன், வெட்கமில்லாமல்.

அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் எண்பத்துமூன்றில் திரும்பினேன். படகுத்துறையில் இறங்கினதுமே சுமட்டுக்காரர்கள் என் பெட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள், கூலி வேண்டாம் என்றார்கள். முடிவெட்டுகிறவன் காசு வாங்கவில்லை. "ஜோலியைக் கெடுத்தவனையே காப்பாத்தின மனுசன்" என்று என் சொந்தத் தங்கை ஆவுடையம்மாள் அழுதாள். பிச்சைமணி துறைப் பக்கம் சாயாக் கடை போட்டிருந்தான். முகம் உப்பிக் கால் வீங்கிப்போன ஆள், என்னைக் கண்டதும் ஓடிவந்து முதல் பெஞ்சில் உட்காரவைத்தான். சாயாவை ஆற்றிக்கொண்டே, வந்திருக்கிறவர்களுக்கெல்லாம் கதையை ஆரம்பித்தான். "இந்தா இருக்காரே, இவர்தான்..."

ஐந்து வருஷம்! கடைக்குப் போகாவிட்டால் ஆள் விட்டுக் கூப்பிடுவான். போனால் கதை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வான். ஒரு பந்த் நாள், கடையெல்லாம் அடைத்துக் கிடந்தது, அவன் பலகைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். உள்ளே போய் நின்றேன். "நிறுத்துடா. நான் உன்னைக் காப்பாத்தலை. நீ நின்னதைப் பார்த்தேன். பார்த்துட்டே விட்டுட்டுப் போனேன்" என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துபோயிற்று.

பிச்சைமணி சிரித்தான். "எனக்கு அறியாமலா? உன் பிரேக் விளக்கு ரெண்டும் சிவப்பா எரிஞ்சது. அஞ்சு நிமிஷம் எரிஞ்சது. நான் துண்டை வீசிக்கிட்டே நின்னேன். பின்னே அணைஞ்சது. இனி இவன் வரமாட்டான்னு தெரிஞ்சுதானேடா அந்தக் கூரையைப் பார்த்து நடந்தேன்."

"பின்னே எதுக்குடா ஊரெல்லாம் இப்படிச் சொல்லித் திரியறே?"

"உள்ளதைச் சொன்னா ஊர் நாலு மாசம் உன்னை ஏசும். நீயும், முதல்லே அவன் எனக்குச் செஞ்சான்னு சொல்லுவே. சரிக்குச் சரி ஆயிடும். நீ நிம்மதியா உறங்கிடுவே." அவன் எழுந்து அடுப்பை ஊதினான். "சாயா குடிக்கிறியா?"

மறுநாள் கடையைத் தாண்டிப் போகும்போது அவன் குரல் கேட்டது. "நேத்து வந்து நின்னு அழறாருப்பா. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமேன்னு இன்னைக்கும் அழறாரு. எப்படிப்பட்ட மனசு பாருங்க!" பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

எண்பத்தெட்டில் அந்தக் கெட்டுப்போன கிட்னியாலேயே செத்தான். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஊரே கூடியிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. அவன் பெண்டாட்டி அம்மிணி முன்னால் போய் உட்கார்ந்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அம்மிணி, நான் அவனைக் காப்பாத்தலை. நின்னு பார்த்தேன். சாகட்டும்னு விட்டுட்டுப் போனேன். அவன் சாவுக்கு நான்தான் காரணம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "அவர் எல்லாம் சொல்லிட்டுத்தான் போயிருக்கார் அண்ணா. நான் போனப்புறம் ராசப்பண்ணன் வந்து தன் மேலேயே பழி போட்டுக்குவார், ஒரு வார்த்தை நம்பிடாதேன்னார்."

கூட்டத்தில் இரண்டு பேர் விசும்பி அழுதார்கள். பாடையின் முன்பக்கத்தில் என்னைத்தான் தோள் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன்.