அண்ணாரின் உயிர்மேல் மூன்று பத்திரங்கள்

எங்கள் அண்ணாரின் முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த மலரைப் பெற்றுக்கொள்ளும் சுற்றத்தாருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இத்தகைய மலரில் இறந்தவரைப் பற்றி நல்லதே எழுதவேண்டும் என்பது வழக்கம். அண்ணாரைப் பற்றி நல்லதைத் தவிர வேறு எதுவும் எழுத என்னிடம் இல்லை. மற்றவர்கள் விஷயத்தில் அந்த வழக்கம் என்னைக் கட்டுப்படுத்தாது. மற்றவர்களில் முதல்வன் நானே.

அண்ணார் பிறந்தது கருமத்தம்பட்டிக்கு வடக்கே இரண்டு கல் தொலைவில், எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில். அவருக்கு நான்காண்டு பின்னால் நான். எனக்குப் பின் எங்கள் தங்கை. தந்தையார் காலராவில் காலமானபோது அண்ணாருக்கு வயது பதினைந்து. மறுவாரமே படிப்பை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். நான் கோயமுத்தூரில் ஹைஸ்கூல் படித்த ஆண்டுகளில், பருத்தி வண்டியோடு நகரத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு அரிசியும் பருப்பும் கொண்டுவருவார். விடுதி வாசலுக்கு வரமாட்டார். தலையெல்லாம் பஞ்சு ஒட்டிய கோலத்தில் தம்பியின் சிநேகிதர்கள் முன் நிற்கக்கூடாது என்று தெருமுனையிலேயே நின்றுகொள்வார். நான் போய் மூட்டையை வாங்கிக்கொள்வேன். அவர் அங்கே நின்றது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

படித்தேன், தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவானேன், தலைமைக் குமாஸ்தாவாகி ஐம்பத்தைந்தில் பென்ஷன் பெற்று, ஆர்.எஸ்.புரத்தில் வீடு கட்டிக் குடியேறினேன். அண்ணியார் முதல் பிரசவத்திலேயே குழந்தையோடு போய்விட்டார்கள். அண்ணார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கம்போடியாப் பருத்தி விலை அதலபாதாளத்துக்கு விழுந்த வருஷத்தில் தோட்டமும் போயிற்று. வாங்கியவர் எங்கள் சித்தப்பா மகன், எனக்கும் இளையவர், அண்ணாரைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்பவர். தகப்பன் சொத்து என்று எண்ணியோ என்னவோ, பாதி விலைதான் கொடுத்தார். அண்ணார் கடைசி ஜோடிக் காளைகளை அந்தியூர்ச் சந்தையில் விற்றுவிட்டுத் தனியாக நடந்து திரும்பினார். பிறகு ஒரு ஜின்னிங் பாக்டரியில் எடை போடும் வேலை. பஞ்சுக் கிடங்கை ஒட்டிய அறையில் வாசம். அங்கே மூச்சு விட்டால் காற்றோடு பஞ்சும் உள்ளே போகும். ஐந்தாறு வருஷத்தில் அவருக்கு மூச்சிளைப்பு வந்தது.

அந்த நாளில்தான் தங்கை வீட்டுக்கு ஒரு சகாய நிதியின் ஏஜெண்டு வந்தார். கையில் ஒரு நோட்டீசு: 'சிரமமின்றிப் பணம் தேட, சேர்க்க, பெருக்கப் பத்து வழிகள்.' நானும் சித்தப்பா மகனும் அன்று அங்கே விருந்துக்குப் போயிருந்தோம். ஒன்பது வழிகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வேப்பங்கொட்டை பொறுக்கிச் செக்குக்கு விற்பது, பழைய கோணியைத் தைத்து விற்பது, விளக்குத் திரியைக் குறைப்பது. அண்ணார் இந்த ஒன்பதையும் ஆயுள் முழுதும் செய்தார். பத்தாவது வழி ஒன்றுதான் அவருக்குத் தெரியாது. குடும்பத்தில் வயதான ஒருவர் பேரில் மாதம் ஒரு ரூபாய் சந்தா கட்டிவந்தால், அவர் காலமானதும் கட்டியவருக்கு ஐநூறு ரூபாய்.

"அடுத்தவங்க சாவுல நமக்குக் காசுங்களா? பாவமில்லீங்களா?" என்றாள் தங்கை.

"பாவமென்னங்க அம்மணி? நீங்களா கொல்றீங்க? அவரு போற நாளைக்குப் போறாரு. வெறுங்கையோட போகாம உங்களுக்கு ஐநூறு குடுத்துப்போட்டுப் போறாரு, அவ்வளவுதானுங்க."

"டாக்டரு பாக்கோணுமுங்களா?" என்றார் சித்தப்பா மகன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. வயசு ஐம்பத்தஞ்சுக்குள்ள இருக்கோணும். கௌரவமான ஒருத்தர் அத்தாட்சி போடோணும்."

பிறகு தங்கை, மோரை ஊற்றிக்கொண்டே, "பெரியண்ணனுக்கு இப்ப இளைப்பு சாஸ்தியாயிருச்சாமா" என்றாள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கௌரவமான ஒருத்தர் அங்கே நான்தான். எழுந்து போயிருக்கலாம். விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். ஏழாவது விதியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்: பத்திரம் எடுத்த ஓராண்டுக்குள் மரணம் நேர்ந்தால் கட்டிய சந்தா மட்டுமே திரும்பும், முழுத்தொகை கிடையாது.

"அப்ப ஒரு வருசம் தாண்டோணும்" என்றார் சித்தப்பா மகன்.

"தாண்ட வெச்சுப்போடலாமுங்க" என்றாள் தங்கை.

தங்கைக்கு மகள் கல்யாணம். சித்தப்பா மகனுக்கு, அண்ணாரிடம் வாங்கிய அதே தோட்டத்துக் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின். எனக்கு என் வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர். மூன்று பத்திரங்கள். மூன்றையும் பூர்த்தி செய்தவன் நான். அண்ணாருக்கு அப்போது அறுபத்தொரு வயது. ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். அத்தாட்சிக் கட்டத்தில் என் பெயரையும், 'இளைய சகோதரர், சர்க்கார் பென்ஷன்தார்' என்று தகுதியையும் எழுதிக் கையெழுத்திட்டேன். அண்ணாரின் கையெழுத்துக்குக் கிடங்கு அறைக்குப் போனேன்.

"என்ன காயிதம் தம்பி?"

"உங்க நல்லதுக்குத்தானுங்கண்ணா."

"நீ எழுதுனா செரியாத்தான் இருக்கும். எங்க போடோணும்?"

மூன்று இடம் காட்டினேன். மூன்றிலும் போட்டார்.

அண்ணாரின் சிநேகிதரான ராவுத்தர், பருத்திக்கொட்டை வியாபாரி, கோட்டைமேட்டுக்காரர். அவரிடமும் ஏஜெண்டு போயிருக்கிறார். நண்பர்களும் எடுக்கலாமாம். ராவுத்தர் சொன்ன பதிலைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்: "அந்தப் பஞ்சு ரூமை விட்டு ஒரு மாசம் வெளிய வந்தாருன்னா அந்த ஆளு எங்களையெல்லாம் பொதச்சுப்போட்டுத்தான் போவாருன்னு சொன்னேனுங்க. சந்தா கட்டுனா எனக்குத்தான நட்டமுங்க."

வியாபாரி கணக்கு சரியாகவே இருந்தது. ஓராண்டு தாண்டவேண்டும் என்பதால், அண்ணாரைப் பஞ்சுக் கிடங்கிலிருந்து அழைத்துவந்து சித்தப்பா மகன் தம் வீட்டுப் பக்கத்து அறையில் தங்கவைத்தார். தங்கை தினமும் காலையில் செம்பு நிறையப் பாலும் இரண்டு முட்டையும் அனுப்பினாள். நான் கோயமுத்தூரிலிருந்து மாதம் ஒரு முறை டாக்டரை வண்டி வைத்துக் கூட்டிவந்தேன். "பஞ்சு படாமல் இருந்தால் இவர் இன்னும் பத்து வருஷம் இருப்பார். மறுபடி அங்கே போனால் நான் சொல்வதற்கில்லை" என்றார் டாக்டர். மூவரும் கேட்டுக்கொண்டோம்.

அண்ணார் சதை பிடித்தார். பாக்டரிப் பக்கம் போய்ப் பழைய ஆட்களிடம் சொல்வாராம்: "எங்கூட்டு ஆளுகளை மாதிரி யாருக்கு வாய்க்குமப்பா? பெத்த பிள்ளைக கூட இப்படிப் பாக்காது. என்ற தம்பி டாக்டரையே கூட்டிக்கிட்டு வாரான்."

இதை எனக்கு ராவுத்தர் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆண்டு முடியச் சில நாட்கள் இருக்கையில் அண்ணாருக்குக் கடும் சுரம். மார்புச் சளி. மூவரும் முறை வைத்து அவர் கட்டிலருகே இருந்தோம். எந்தத் தாயும் எந்தப் பிள்ளையையும் அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். ஒரு பிற்பகல், அண்ணார் கண்மூடிப் படுத்திருந்தபோது, தங்கை என்னிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்: "இன்னம் பதினாறே நாளுங்கண்ணா. அதுக்குள்ள ஏதாச்சும் ஆயிருச்சுன்னா ஒரு வருசத்துப் பாலும் முட்டையும் வீணாப் போயிருமுங்க."

அண்ணார் தூங்கவில்லை.

சுரம் இறங்கி எழுந்து உட்கார்ந்த அன்று என்னைக் கூப்பிட்டார். "பதினாறு நாளுன்னு அம்மணி சொல்லுச்சே, அது என்ன கணக்கு தம்பி?"

நேரில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, காகிதத்தில்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்வளவு வரும்?"

"ஐநூறுங்கண்ணா."

"மூணு பேருக்கும் சேத்தா?"

"ஆளுக்கு ஐநூறு."

அண்ணார் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அட சாமி! அந்தியூர்ல என்ற காளை ரண்டுக்கும் பல்லைப் புடிச்சுப் பாத்துப்போட்டு நூறு ரூபாய்க்கு மேல தரமாட்டேன்னானுக. என்ற ஒடம்புக்கு ஆயிரத்தி ஐநூறா!" பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக் கேட்டார்: "அப்ப அந்தப் பாலு?"

நான் காலிச் செம்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"செரி விடு. நல்ல பாலுதான்" என்றார்.

பதினாறு நாளும் தாண்டின. பதினேழாம் நாள் பால் வரவில்லை. அந்த வாரமே சித்தப்பா மகன், எஞ்சினுக்கு முன்பணம் கட்டியாயிற்று, சாமான்களை வைக்க அறை வேண்டும் என்று மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார். அண்ணார் எதுவும் கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிடங்கு அறைக்குப் போனார். ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டின் மேற்குப் பக்கத்து அறை அப்போது காலியாக இருந்தது. அதில் சுவருக்கென்று வாங்கிய சுண்ணாம்பு மூட்டைகள் சில இருந்தன. அவற்றை வெளியே எடுத்துவைக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

சந்தாவை மட்டும் மூவரும் தவறாமல் கட்டினோம். ஒரு முறை சித்தப்பா மகன் என்னிடம், "இப்படியே போனா நாமதான் முந்திக்குவோம் போல இருக்குதுங்கண்ணா" என்று வேடிக்கையாகச் சொன்னார். நானும் சிரித்தேன். கிடங்கு அறைக்குத் திரும்பிய எட்டாவது மாதம் அண்ணார் காலமானார்.

கோரிக்கை மனுக்களை நானே தயாரித்தேன். கிராம முன்சீப்பின் மரணப் பதிவேட்டு நகல், அடையாள அத்தாட்சி, சந்தா ரசீதுகள் எல்லாம் வரிசையாக. ஒரு காகிதம் குறைவில்லை. மூன்று வாரத்தில் பதில் வந்தது. இறந்தவர் வயது ஐம்பத்திரண்டு என்று அத்தாட்சி சொல்கிறது. அத்தாட்சி அளித்தவர் இறந்தவரின் இளைய சகோதரர் என்றும், வயது நிறைந்து பென்ஷன் பெறுபவர் என்றும் அதே காகிதம் சொல்கிறது. ஐம்பத்தைந்தைத் தாண்டிய தம்பிக்கு ஐம்பத்திரண்டு வயதில் அண்ணன் இருப்பது எவ்வாறு என்று விளங்கவில்லை. ஆகவே பொய் வாக்குமூலத்தின் பேரில் பெற்ற மூன்று பத்திரங்களும் ரத்து. சந்தாவும் திரும்பாது. முப்பது வருஷம் பிறர் மனுக்களில் இந்த மாதிரி ஓட்டையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். நிதிக்காரர்கள் யோக்கியர்களா என்பது வேறு விஷயம். அந்தக் குமாஸ்தா கெட்டிக்காரர்.

அதன் பிறகு தங்கை என்னோடு பேசுவதில்லை. சித்தப்பா மகன் பேசுகிறார், ஆனால் முன்பணத்தைப் பற்றி மட்டும். அண்ணார் போனதற்கு இருவரும் என்னைக் குறை சொன்னதில்லை. வயதைத் தப்பாக எழுதியதற்குத்தான்.

இனி நன்றி சொல்லவேண்டும்.

ஓராண்டு பாலும் முட்டையும் கொடுத்த தங்கைக்கு நன்றி. அறை கொடுத்த சித்தப்பா மகனுக்கும் நன்றி. கோயமுத்தூர் டாக்டருக்கு நன்றி. அவர் சொன்னது முழுதும் பலித்தது. அந்த ஏஜெண்டுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அவர் வந்திராவிட்டால் அண்ணார் அந்தப் பஞ்சு அறையிலேயே முன்னதாகப் போயிருப்பார், நாங்கள் மூவரும் மாலையோடு சரியான நேரத்துக்கு வந்திருப்போம். அவர் உயிரோடு இருந்த கடைசி நல்ல வருஷத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தது எங்கள் பாசம் அல்ல, ஏழாவது விதி. எந்தப் பத்திரமும் இல்லாமல் கடைசிவரை கிடங்கு அறைக்கு வந்துபோன ராவுத்தருக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதனால் அதை எழுதவில்லை.

ராவுத்தர் ஆள் அனுப்பித்தான் கடைசி நாள் காலையில் நான் போனேன். அண்ணார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வரவில்லை. தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு. ராவுத்தர் வண்டி பிடிக்க வெளியே போனார். அண்ணார் என் கையைப் பிடித்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திக் கேட்டார்:

"இப்பப் போனா, உங்களுக்கெல்லாம், தொந்தரவு ஒண்ணுமில்லியே தம்பி?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். எழுந்திருங்கள், என் வீட்டுக்குப் போவோம் என்றாவது சொல்லியிருக்கலாம். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் மனத்துக்குள் பத்திரத்தின் தேதியைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இல்லைங்கண்ணா, ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

அண்ணார் தலையசைத்தார். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.