சவரிமுத்து அண்ணன் எழுதிய பொய்க் கடிதங்கள்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அச்சகத்து ஆள் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "டீச்சர், நம்ம சவரிமுத்து கிள்ளான்ல வீட்டுக் கிணத்தடியில வலிப்பு வந்து விழுந்துட்டாரு. எந்திரிக்கவே இல்ல." அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவராகத்தான் உங்களுக்கு அவரைத் தெரியும். ஒரு வலிப்பு லேகிய விளம்பரத்துக்காக, குணமானவர்கள் எழுதியதாக வாராவாரம் கடிதங்களை இட்டுக்கட்டியவரும் அவர்தான்.

எனக்கும் வலிப்பு உண்டு. வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பொத்திப் பொத்தி வைத்தேன். ஒரு வாரம் அந்த விளம்பரத்தில் மேரு என்ற ஊரிலிருந்து அன்னம்மாள் என்பவர் எழுதியிருந்தார்: "கண் விழித்ததும் முதலில் தெரிவது சுற்றி நிற்பவர்களின் கால்கள்தான். முகத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கம்." ஐயோ, அப்படியே என் கதை! அன்று நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

அவளைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சனிக்கிழமை ரயிலேறிக் கிள்ளான் போய், அங்கிருந்து மேருவுக்குப் போனேன். வெயிலில் வீடு வீடாகக் கேட்டும் அப்படி ஒருத்தி இல்லை. திங்களன்று நேரே அந்த விளம்பரம் அச்சாகும் அச்சகத்துக்குச் சண்டைக்குப் போனேன்; கடிதங்களை எழுதுவது இவர்தான் என்று சவரிமுத்து அண்ணனைக் கைகாட்டினார்கள்.

"இல்லாத பொம்பள பேருல எழுதுவீங்களாண்ணே? வெட்கமா இல்ல?"

அவர் மைக் கையைத் துடைத்தார். "பேருதான் பொய் டீச்சர். வலிப்பு என்னோடது."

"அப்ப குணமானது?"

"அது கடைக்காரரு போடச் சொல்றது. அந்தக் கடைசி நாலு வரியப் படிக்காதீங்க."

கோபத்தோடு போனவள் அங்கேயே அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் சில என்னுடையவை. நான் சொல்லச் சொல்ல அவர் கோர்த்தார்.

இந்த அஞ்சலிக்கடியில் 'ஒரு சகோதரி' என்று போட்டுவிடலாமா என்று பத்திரிகை ஆசிரியர் அன்போடுதான் கேட்டார். இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் தலைமையாசிரியை துரைசானிக்குத் தமிழ் தெரியாது. யாராவது வாசித்துச் சொல்லாமல் விடமாட்டார்கள். சொல்லட்டும். நோயை ஒளிக்காமல் எழுதும் துணிச்சலை அண்ணனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவரால் முடியாமல் போனது ஒன்றுதான், அதை நான் செய்கிறேன். எனக்கு இன்னும் குணமாகவில்லை. உங்களில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், தேடி வாருங்கள், நான் இருக்கிறேன்.

ரெபேக்கா ஞானமணி,
மூன்றாம் வகுப்பு ஆசிரியை, பிரிக்பீல்ட்ஸ்.