எள் டின்னில் இருந்த கருப்பட்டி

என் மனைவி மாசியில் இறந்தாள். தையில் அவள் கழுவிக் காயவைத்த எள் டின்னிலேயே கிடந்தது. வண்டு விழுவதற்குள் ஆட்டிவிடலாம் என்று சித்திரையில் செட்டியார்பட்டி செக்குக்குக் கொண்டுபோனேன்.

"கருப்பட்டி எங்க அண்ணாச்சி? அது போடாம எண்ணெய் பிரியாதே. அக்கா மறக்கவே மாட்டாக. அவிய வரலையா?" என்றார் செக்குக்காரர்.

"அவ தவறிட்டாப்பா."

அவர் மோட்டாரை நிறுத்தினார். "செத்த இருங்க, கடையில வாங்கியாரேன்" என்று போனார்.

எள்ளைக் கூடையில் கொட்டினேன். டின்னின் அடியிலிருந்து துணியில் முடிந்த கருப்பட்டி ஒன்று விழுந்தது. தானே செக்குக்குப் போகும் நினைப்பில் எடுத்துவைத்திருக்கிறாள்.

அதை மடியில் கட்டிக்கொண்டேன். கடைக் கருப்பட்டியைப் போட்டே அவர் ஆட்டினார். எண்ணெயை வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.