கொடைக் கரடியின் குறை

அச்சகத்தில் அவருக்கு அரைமில்லி என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். வெட்டி அடுக்கிய காகிதக் கட்டின் மேல் தாளுக்கும் அடித் தாளுக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அன்று அவருக்கு மதியச் சாப்பாடு இறங்காது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இருபத்தாறு வருடமாக அதே கட்டிங் மெஷின். தீட்டிய கத்தி திரும்பி வந்தால் ஒற்றைத் தாளை வெட்டி, ஓரத்தைக் காதருகே வைத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். சத்தம் பிசிறடித்தால் கத்தியைத் திருப்பி அனுப்பிவிடுவார். இத்தனை வருடத்தில் அவருடைய கத்தி எந்த எழுத்தின் துணைக்காலைக்கூடக் கடித்ததில்லை.

அவருடைய இன்னொரு பெருமை தங்கை. அவளுக்கு முப்பத்தாறு வயதாகியும் அவருக்குப் பாப்பாதான். அதே அச்சகத்தில் அச்சாகும் சிறுவர் பத்திரிகையில் பத்து வருடமாகப் படம் போடுகிறாள். டீக்கடையில் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பத்திரிகையை விரித்து, "இது நம்ம பாப்பா போட்டது" என்று காட்டுவார். அந்த ஆள் தலையாட்டும்வரை மூட மாட்டார்.

அவள் போடுவது ஒரு கரடி. கதைக்குக் கதை மழை பெய்யும். கரடியிடம் பெரிய குடை இருக்கும். வழியில் முயலோ கோழியோ நடுங்கிக்கொண்டு நிற்கும். கரடி குடையை அதன் கையில் திணித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டே போகும். கடைசிப் படத்தில் ஊரே கைதட்டும்.

பெயர் வந்ததும் ஒரு கதைதான். முதல் படத்தைக் கொண்டுபோனபோது பத்திரிகை ஆசிரியர் பெயர் கேட்டார். "கொடைக் கரடி சார்" என்றாள். பேச்சில் குடையைக் கொடை என்றுதானே சொல்கிறோம்? அவள் சொன்னது குடைதான். அவர் காதில் விழுந்தது வள்ளல்களின் கொடை. "அடடா, என்ன பேரு!" என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். அவள் திருத்தவில்லை. அன்றுமுதல் அந்தக் கரடி வள்ளலாகிவிட்டது.

நூறாவது கதைக்கு ஆசிரியர் வாசகர் போட்டி வைத்தார். நம் கரடிக்கு ஒரு குறை உண்டென்றால் அது என்ன? தபால் குவிந்தது. அளவுக்கு மீறிக் கொடுக்கிறான் என்பதுதான் பாதிப் பேரின் பதில். மழையிலேயே குளித்துவிடுவதால் அவன் சோப்புப் போடுவதில்லை என்று ஒரு பொடிசு எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி நேரத்தில் நுழைத்த ஒரு வரி இருந்தது.

'கரடியை வரைபவரின் பதில்: அவனுடைய குறை சுயநலம்.'

மடித்துத் தைத்து வந்த கட்டை மெஷின் மேல் வைத்தபோதுதான் அரைமில்லி அதைப் படித்தார். இரண்டாம் முறை விரல் வைத்துப் படித்தார்.

அச்சக மேலாளர் கடந்து போனவர் நின்றார். "பாத்துட்டியா? உன் தங்கச்சி அடம் பிடிச்சுப் போட வெச்சிருக்கா. பெத்தவங்க யாராவது கோபமா ஒரு கடுதாசி போட்டாப் போதும், கரடிக்கு மூடுவிழாதான்னு ஆசிரியர் சொல்லிட்டாரு. சொல்லி வை, அரைமில்லி."

அரைமில்லி கட்டை மெஷினுக்குள் தள்ளினார். மேல் ஓரத்தையும் பக்கவாட்டையும் வெட்டி முடித்தார். கீழ் ஓரம் மட்டும் பாக்கி. அளவுகோலை வைத்துப் பார்த்தார். வழக்கத்தைவிட எட்டு மில்லி கூடுதலாக எடுத்தால் அந்த வரி துண்டோடு போய்விடும். பக்க எண்கள் மேலே இருப்பதால் வேறெதற்கும் சேதமில்லை. கேட்டால் வெட்டு தப்பிவிட்டது என்று சொல்லிவிடலாம். இருபத்தாறு வருடப் பெயர் கெடும். கெட்டால் கெடட்டும், பாப்பாவின் கரடி பிழைக்கும் என்று நினைத்தார். அளவை மாற்றி வைத்தார். நினைத்ததும் நெஞ்சில் இதமாக ஏதோ பரவியது.

அப்போது தங்கை வந்தாள். முதல் பிரதியைத் தன் கையால் வாங்கிக்கொள்வது அவள் வழக்கம். வந்தவள் மெஷினில் இருந்த அளவைப் பார்த்தாள்.

"என்னண்ணா, அளவு மாறியிருக்கு?"

"கீழ கொஞ்சம் பிசிறா இருக்கு."

"எட்டு மில்லிக்கா பிசிறு? நீ அரை மில்லிக்கே ஆள உண்டு இல்லைன்னு பண்ணுவியே."

அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "உன் நல்லதுக்குத்தான் பாப்பா. வெட்டு தப்பிடுச்சுன்னு சொல்லிக்கறேன். பழி என்னோட போகட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். "பாத்தியா, மறுபடியும் குடையை நீட்டுற."

"என்ன குடை?"

"அப்பா குடை. ஸ்கூல் விட்டு வரும்போது தெருமுனையில என் கையில திணிச்சிட்டு ஓடுவியே."

"நீ நனையக் கூடாதுன்னுதான் குடுத்தேன். அது தப்பா?"

"நான் ஒரு நாள்கூட நனையல. அது நிஜம். ஆனா அது கூடாரம் மாதிரிக் குடை. தாராளமா ரெண்டு பேரு வரலாம். நீ ஏன் ஒரு தடவைகூட உள்ள வரல?"

அவர் மெஷினின் மேல்பலகையைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"வீட்டுக்குள்ள நுழைஞ்சா அம்மா என்ன சொல்லும்? ஐயோ, பெரியவன் தொப்பலா நனைஞ்சு வந்திருக்கானேன்னு உன் தலையைத் துவட்டும். என்னைப் பாத்து, கல்லு மாதிரி நிக்கிறா பாரு, அண்ணன் மேல கொஞ்சமாவது பாசம் இருக்கான்னு திட்டும். மழைக்கு மழை எனக்குத் திட்டு."

"நானா திட்டச் சொன்னேன்?"

"சொல்லல. நல்ல பேரு எடுத்தான், நல்ல பேரு எடுத்தான்னு எல்லாரும் சொல்றாங்களே, எங்கிருந்துண்ணா எடுத்த? நம்ம வீட்ல இருந்ததே ஒரே ஒரு நல்ல பேரு. அதை நீ எடுத்துக்கிட்ட. மிச்சம் எனக்கு."

"சுயநலக்காரன்னா பிடுங்கித் தின்னுறவன் பாப்பா. கரடி யார்கிட்ட எதைப் பிடுங்கினான்?"

"யாரும் அவனுக்குத் திருப்பி எதையும் குடுக்க முடியாது. முயல் ஒரு தடவை வா, சேர்ந்து போகலாம்னு கூப்பிட்டா நிப்பானா? மாட்டான். கடைசிப் படத்துல கைதட்டு இருக்கே."

"அப்போ கரடி நான்தானா?"

"சேச்சே. கரடிக்கு இவ்ளோ அளவெல்லாம் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. தெருமுனை நினைவுக்கு வந்தது. அம்மா காலையில் வேலைக்குப் போனால் பள்ளி விடும் நேரத்துக்குத்தான் வருவாள். வந்தால் அடுப்பு, துணி, பாத்திரம். அவள் கை அவர் தலையில் பட்டது நனைந்து வந்த நாட்களில் மட்டும்தான். கரகரப்பான துண்டு, அதற்குள் அவள் விரல்கள். குடையைக் கொடுத்துவிட்டுச் சில நாள் மழை வலுக்கட்டும் என்று மரத்தடியில் அவர் காத்து நின்றதும் உண்டு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"கரடியை நிறுத்திட்டா?" என்று மட்டும் கேட்டார்.

"நிறுத்தினா நிறுத்தட்டும். வேற ஏதாவது போடுவேன். அந்த வரி என்னோடது அண்ணா. அதுக்கு வர்ற திட்டும் என்னோடது. அதையும் நீ எடுத்துக்காத."

அவர் துணியை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு அளவைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். கட்டைத் தட்டிச் சேர்த்தார், ஓரத்தை உள்ளங்கையால் நீவினார், மறுபடி தட்டினார். அந்த மெஷினில் இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கத்தி இறங்கும். அமுக்கினார். கத்தி இறங்கி ஏறியது. கீழே விழுந்த துண்டுகளில் எழுத்து எதுவும் இல்லை.

மேல் பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். வரி முழுதாக இருந்தது.

"ஓரத்துக்கு ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. அடுத்த தடவை நாலு மில்லி மேல ஏத்தச் சொல்லு" என்று அவள் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். வாசலில் மழை பிடித்துக்கொண்டது. அவரிடம் குடை இருந்தது, அவளிடம் இல்லை. விரித்த கையோடு பழக்க தோஷத்தில் அவளிடம் நீட்டினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நடுவுல பிடிண்ணா."

நடுவில் பிடித்தார். அது அப்பாவின் குடை இல்லை, சின்னது. போதாததற்கு இருவருக்கும் இப்போது வயதுக்கேற்ற உடம்பு. அவருக்கு இடது தோள் நனைந்தது, அவளுக்கு வலது தோள். அவர் கை தன்னையறியாமல் அவள் பக்கம் சாயும்போதெல்லாம் அவள் கைப்பிடியை நிமிர்த்தி வைத்தாள். வழியில் எதிர்ப்பட்ட ஒருவர் அவர்களைப் பார்த்து ஒதுங்கிப் போனார். கைதட்டவில்லை.

கதவைத் திறந்த அம்மா ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள்.

"ரெண்டு கழுதைக்கும் அறிவுன்னு ஒண்ணு இருக்கா? மழை விட்டதும் வந்தா என்ன கொள்ளை போகுது? கையில குடையை வெச்சுக்கிட்டு ஆளுக்குப் பாதி நனைஞ்சு வந்து நிக்குதுங்க, பாரு!"

மழைக்காக அவர் வாங்கிய முதல் திட்டு அது. அதிலும் பாதி தங்கையுடையது. அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா கொடியிலிருந்து உருவி எறிந்தது ஒரே துண்டு. தங்கை முதலில் எடுத்துக்கொண்டாள்.