ஒரு சுத்து இறுக்கிய கதை

நாளைக் காலை மனைவியைக் கண்டி கிளினிக்குக்கு அழைத்துப்போக வேண்டும். அதனால் ஹட்டன் கராஜிலேயே நின்றேன். பிரித்துப் பூட்டிய என் ஜீப் எஞ்ஜின் ஓடியது. மேலே மட்டும் டிக் டிக் என்று சத்தம்.

“வால்வைத் தள்ளுற லிஃப்டருக்குள்ள ஒயில் ஏறுனா சத்தம் தானா நிக்கும் சேர். யாரும் கை வச்சிறாதீங்க.” மெக்கானிக் எஞ்ஜினை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

பக்கத்தில் நின்ற லொறி டிரைவருக்குப் பொறுக்கவில்லை. “ராக்கர் நட்டு லூசுங்க. ஒரு சுத்துதான்.”

வேண்டாம் என்பதற்குள் ஸ்பேனர் ஒவ்வொரு நட்டாகச் சுற்றியது.

“அந்தக் கடைசி நட்டையும் இறுக்குங்கண்ணே,” என்றார் அவரருகில் நின்ற மரக்கறி வேன்காரர்.

சாவியைத் திருப்பிப் பார்த்தால், டிக் டிக் சத்தம் முற்றாக நின்றுவிட்டது. அளவுக்கு மீறி இறுக்கியதில் வால்வுகள் மூடாமல், எஞ்ஜின் ஸ்டார்ட்டே ஆகவில்லை.

திரும்பி வந்த மெக்கானிக், “யாரு கை வச்சது?” என்று கேட்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

வேடிக்கை மட்டும் பார்ப்பவர்கள் நிற்கும் கராஜ் எங்காவது இருந்தால் சொல்லுங்கள். ஜீப்பைத் தள்ளிக்கொண்டாவது வருகிறேன்.