இரண்டு கையாலும் தொட வேண்டும்

மகளை நீச்சலில் சேர்த்தது நான்தான். மூன்று வருடம், தினமும் விடிகாலையில் மந்தைவெளியிலிருந்து அடையாறு நீச்சல்குளத்துக்கு ஸ்கூட்டரில் கூட்டிப் போய், அவள் நீந்தி முடிக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் உட்கார்ந்து அலுத்துப்போய் நானும் தண்ணீரில் இறங்கினேன். அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்பு வந்ததும் அவள் நீச்சலை விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

பட்டர்ஃப்ளை என்பது இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு மேலே வீசி, இரண்டு காலையும் சேர்த்து உதைத்து நீந்துவது. ஆளை அடித்துப் போடுகிற நீச்சல். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் மகள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வந்து, "கையால இல்லம்மா, இடுப்புலேருந்து வரணும்!" என்று கரையிலிருந்து கத்துவாள். கத்திவிட்டு, மடியிலிருக்கும் அறிவியல் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவாள்.

போன வருடம் நகரில் மூத்தோருக்கான மண்டல விளையாட்டுப் போட்டி நடந்தது. ஓட்டம், குண்டு எறிதல், நீச்சல் எல்லாம் உண்டு. நாற்பது தாண்டிய பெண்களுக்குப் பட்டர்ஃப்ளையில் ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் என இரண்டு பந்தயம். படிவத்தில் இரண்டுக்கும் டிக் அடித்தேன். நூறு மீட்டரை அதுவரை ஒருமுறைகூட முழுதாக நீந்தியதில்லை. எழுபத்தைந்தில் கை நின்றுவிடும்.

சனிக்கிழமை ஐம்பது மீட்டர். இருபத்தைந்து மீட்டர் குளம் என்பதால் நடுவில் ஒரு திருப்பம். மூன்றாவதாக வந்தேன். வாழ்க்கையில் முதல் பதக்கம் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினால், நடுவர் அம்மா எதிரே நின்றார்.

"திரும்பும்போது ஒரு கைதான் முதல்ல சுவத்துல பட்டது. ரெண்டும் ஒண்ணா படணும். தகுதி நீக்கம்."

எனக்காக வாதாடுவாள் என்று மகளைப் பார்த்தேன். "ஆமாம்மா, இடது கை லேட்டு. நானும் பார்த்தேன்" என்றாள்.

எங்கள் பயிற்சியாளர் நொச்சிக்குப்பத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். துண்டை நீட்டியபடி, "இன்னாக்கா, அம்பதுக்கே இப்டி மூச்சு வாங்குது. நாளைக்கு நூறு கீது. பேரை எடுத்துரலாம்" என்றார்.

"எடுக்காதீங்க தம்பி. கடைசியா வந்தாலும் பரவாயில்ல."

"கடைசியா வந்தா இன்னா, வந்துட்டுப் போ. நடுவுல நின்னுட்டா?"

"நிக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு எட்டு முன்னால் வந்து சமையலறைச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அறைந்தேன். பின்னால் போய் மறுபடியும். என் கணவர் எட்டிப் பார்த்து, "சுவரு உனக்கு என்ன பண்ணிச்சு?" என்றார். அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு மேலும் இருபது முறை அறைந்தேன்.

மறுநாள் நூறு மீட்டருக்கு நாங்கள் நான்கே பேர். விசில் ஊதியதும் பாய்ந்தேன். முதல் ஐம்பதில் கை சொன்னபடி கேட்டது. இரண்டு திருப்பத்திலும் இரண்டு கையும் சரியாகப் பட்டன. மூன்றாவது திருப்பத்தில் சுவரைத் தொட்டபோது மூச்சு போதவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காலால் உதைத்துக் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு தோள் தோளாக இல்லை. தலையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் உள்ளே போயிற்று. கை தண்ணீரில் இழுபட்டால் மறுபடியும் தகுதி நீக்கம். அதனால் ஒவ்வொரு வீச்சையும் வலிக்க வலிக்க மேலே கொண்டுவந்தேன். மூச்செடுக்கும்போது கூடவே கரையில் நடந்து வரும் நடுவரின் வெள்ளை ஷூ மட்டும் தெரிந்தது. மற்ற மூவரும் முடித்துவிட்டார்கள் என்பது சத்தம் அடங்கியதிலிருந்து புரிந்தது. எத்தனை வீச்சு பாக்கி என்று எண்ணவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்றுதான் போனேன். கடைசியில் இரண்டு கையும் சுவரில் பட்டன. சத்தமாகவே பட்டன.

பயிற்சியாளர் குனிந்து என்னை வெளியே இழுத்தார். "நின்னுருவன்னு நெனச்சேன்க்கா" என்றார். மூச்சு வந்ததும் நடுவரைத் தேடினேன். அவர் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, எல்லாம் சரி என்பதுபோல் தலையசைத்தார். முடிவுப் பலகையில் நான்காவது வரியில் என் பெயர் இருந்தது. மூன்றாவது ஆளுக்கும் எனக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். பதக்கம் கிடையாது. அந்தப் பலகையின் முன்னால் ஈரத்தோடு வெகுநேரம் நின்றேன்.

திங்கட்கிழமை ஈக்காட்டுத்தாங்கலில் ஆபீசுக்குப் போக வேண்டும். காது உயரத்துக்குக்கூடக் கை எழும்பவில்லை. மகள் சீப்பை வாங்கிக்கொண்டு, என்னை நாற்காலியில் உட்கார வைத்துப் பின்ன ஆரம்பித்தாள்.

"மூணாவது திருப்பத்துல சுவத்தைப் பிடிச்சிட்டு ரொம்ப யோசிச்ச. அங்கயே ரெண்டு செகண்ட் போச்சு."

"தெரியும்."

"ஆனா அதுக்கப்புறம் ஒரு தடவைகூட கை இழுபடலம்மா" என்று சொல்லிவிட்டு, தலையை ஆட்டாமல் உட்காரச் சொன்னாள்.